கறுவா எண்ணெய்: அதன் குணங்களும் உபயோகங்களும்
தீவுப்பகுதிக் கமக்காரர்களுக்கு

முன்னுரை

கறுவாப்பட்டையை அறியாத வீடு யாழ்ப்பாணத் தீவுகளில் இல்லை. கறிக்கு மணமூட்டும் அப்பட்டை ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் சிறு கடைகளிற்கூடக் கிடைக்கின்றது. ஆனால் அதே மரத்திலிருந்து வடிக்கப்படும் எண்ணெயைப் பற்றி நம் கமக்காரர்கள் அறிந்தது சிறிது, கேள்விப்பட்டது பெரிது. பல்வலி தீரும் என்பர் சிலர். தோட்டத்துப் பூச்சிகளை ஒழிக்கும் என்பர் வேறு சிலர். விதைநெல்லுடன் சில துளி கலந்து வைத்தால் வண்டு அணுகாது என்பாரும் உளர். இக்கூற்றுக்களுள் சில உண்மை. சில பாதி உண்மை. ஒன்று வயலையே தரிசாக்கக்கூடியது.

நம் தீவுகளில் ஆறில்லை, பெருங்குளமில்லை. சுண்ணக்கற்பாறையின்மேல் ஆழமற்றுக் கிடக்கும் மண்ணில், வடகீழ்ப் பருவமழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே நெல் விளைகின்றது. விதை முளையாது போயின் மறுமுறை விதைக்க மழை காத்திராது. அவ்வாண்டு முழுவதும் போயிற்று. ஆகையால் எந்தப் பொருளையும் விதையின்மேல் இடுமுன்னர் அதன் குணத்தை நன்கு அறிந்திருத்தல் அவசியம். அவ்வறிவைத் தருவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

கறுவா விளையும் இடம்

கறுவா இலங்கைக்கே உரிய மரம். போர்த்துக்கேயரும் அவருக்குப் பின் ஒல்லாந்தரும் இத்தீவின்மேல் கண் வைத்ததற்கு இம்மரத்தின் பட்டையே முக்கிய காரணமாயிற்று. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நெடுந்தீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் டெல்ஃப்ட் எனப் பெயரிட்டனர். ஊர்காவற்றுறையிலிருந்து யானைகளும் தென்மேற்குக் கரையிலிருந்து கறுவாவும் அக்காலத்தில் கப்பலேறின. தொடக்கத்தில் காட்டு மரங்களிலிருந்தே பட்டை உரிக்கப்பட்டது. ஆளுநர் ஃபால்க் என்பவரின் காலத்திலேயே (1765–1785) கொழும்பு மருதானையில் கறுவாவைத் தோட்டப் பயிராக நடத் தொடங்கினர். கறுவா வணிகத்தில் அரசாங்கத்துக்கிருந்த தனியுரிமை ஆங்கிலேயர் ஆட்சியில், 1833ஆம் ஆண்டில் நீங்கியது.

இன்று காலி, மாத்தறை ஆகிய மாவட்டங்களே இப்பயிரின் தாயகம் எனலாம். 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் "சிலோன் கறுவா" என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இலங்கைப் பொருளொன்று அப்பாதுகாப்பைப் பெற்றது அதுவே முதன்முறை. கறுவா செழிக்க ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறையாத மழை வேண்டும். நம் தீவுகளிலோ மழையும் போதாது, மண்ணும் ஏலாது. எனவே இங்கு இதனைப் பயிரிட முயலுதல் வீண். எண்ணெயாக இங்கு வந்து சேருவதை அறிந்து உபயோகிப்பதே நம் வேலை.

ஒரே மரம், மூன்று எண்ணெய்கள்

ஒரே கறுவா மரத்தின் மூன்று உறுப்புக்களிலிருந்து மூன்று வேறு எண்ணெய்கள் கிடைக்கின்றன.

பட்டை எண்ணெய்: இதில் நூற்றுக்கு 50 முதல் 75 பங்குவரை சின்னமல்டிஹைட் என்னும் பொருள் உண்டு. கறுவாவுக்கு நாம் அறிந்த இனிய மணத்தைத் தருவது இதுவே. இவ்வெண்ணெய் மிக விலையுயர்ந்தது. உணவுப் பண்டங்களுக்கும் வாசனைப் பொருள்களுக்கும் உபயோகமாகின்றது.

இலை எண்ணெய்: இதில் நூற்றுக்கு 70 முதல் 85 பங்குவரை யூஜினோல் என்னும் பொருள் உண்டு. கராம்பு எண்ணெயிலும் மிகுதியாக இருப்பது இதே யூஜினோல்தான். ஆகவே கறுவா இலை எண்ணெயை முகர்ந்தால் கறுவா மணத்தைவிடக் கராம்பு மணமே தோன்றும். விலையும் பட்டை எண்ணெயைவிட மிகக் குறைவு.

வேர் எண்ணெய்: இதன் பெரும்பகுதி கற்பூரம். இது சந்தைக்கு அரிதாகவே வருகின்றது.

"கறுவா எண்ணெய்" என்று மாத்திரம் எழுதிய போத்தலை வாங்குவோர் இம்மூன்றுள் எது தம் கைக்கு வந்தது என அறியார். சிறிய கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இலை எண்ணெயே. இனிக் கூறுவன யாவும் இலை எண்ணெயையே குறிக்கும்.

வடிக்கும் முறை

மழைக்காலத்தில் கறுவாக் கொம்புகளை வெட்டிப் பட்டையை உரித்தபின் இலைகள் எஞ்சுகின்றன. அவற்றைச் சில நாள் வாடவிட்டுப் பெரிய கொதிகலங்களில் இட்டு நீராவியைச் செலுத்துவர். நீராவி இலையிலுள்ள எண்ணெயைத் தன்னோடு சுமந்து செல்லும். அவ்வாவியைக் குளிர்ந்த குழாய் வழியே செலுத்தும்போது நீரும் எண்ணெயும் திரவமாகிப் பாத்திரத்தில் விழும். தேங்காயெண்ணெய் நீரில் மிதக்கும். இவ்வெண்ணெயோ நீரினும் பாரமானது. ஆகையால் பாத்திரத்தின் அடியில் தங்கும். 100 கிலோகிராம் காய்ந்த இலையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோகிராம் எண்ணெயே கிடைக்கும். அதாவது, ஒரு சிறு போத்தலுக்குள் பெருங்குவியலான இலையின் சாரம் அடங்கியுள்ளது. இவ்வெண்ணெயைத் துளிக்கணக்கில் கையாளவேண்டியதன் காரணம் இதுவே.

முக்கிய குணங்கள்

1. இது ஆவியாகும் எண்ணெய். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போன்று தங்கி நிற்காமல், திறந்த வெளியில் மெல்ல மெல்லக் காற்றிற் கலந்துவிடும்.

2. இது உயிர்க்கலங்களைச் சுடும் வன்மையுடையது. கிருமிகளையும் சிறு பூச்சிகளையும் வருத்தும் அதே வன்மை மனிதரின் தோலையும், பயிரின் இளந்தளிரையும், முளைக்கவிருக்கும் விதையையும் வருத்தும்.

3. இது நரம்பின் உணர்வைச் சிறிது நேரம் மந்தமாக்கும். பல்வலிக்கு உதவுவது இக்குணத்தாலேயாம்.

4. இது நீரிற் கரையாது. வெறும் நீரில் ஊற்றிக் கலக்கினாலும் துளித்துளியாகப் பிரிந்தே நிற்கும். அத்துளி பட்ட இடம் பொசுங்கும்.

5. வெளிச்சத்திலும் வெப்பத்திலும் நிறம் கறுத்துக் கெடும். ஆகையால் கருநிறக் கண்ணாடிப் போத்தலில், மூடி இறுக்கி, நிழலில் வைத்தல் வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பாத்திரங்களில் ஊற்றிவைத்தல் கூடாது; சில வகைப் பிளாஸ்டிக்கை இது இளக்கிவிடும்.

கலப்படத்தை அறியும் எளிய வழிகள்

நீர்ச் சோதனை: கண்ணாடிக் குவளையில் மழைநீர் எடுத்து ஒரு துளி எண்ணெயை விட்டு மெதுவாகக் கலக்குக. நல்ல இலை எண்ணெய் அடியில் இறங்கும். மண்ணெண்ணெயோ சமையல் எண்ணெயோ மிகுதியாகக் கலந்திருப்பின் மிதக்கும். இச்சோதனைக்கு உவர்க்கிணற்று நீரையோ கடல் நீரையோ உபயோகித்தலாகாது. உப்பு நீர் பாரமானதாகையால் முடிவு பிழைக்கலாம்.

கடதாசிச் சோதனை: வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி இட்டு ஓரிரு நாள் காற்றோட்டத்தில் வைக்குக. தூய எண்ணெய் ஆவியாகி நீங்கும். சமையல் எண்ணெய் கலந்திருப்பின் பலகாரம் சுற்றிய கடதாசியிற் காண்பதுபோல் நெய்க்கறை நிலைத்து நிற்கும்.

சிறிதளவு கலப்படத்தை நீர்ச் சோதனை காட்டாது விடலாம். ஆகவே இரண்டையும் செய்தல் நன்று.

விதைநெல்லுக்கு ஆகாது

யூஜினோலின் ஆவி அரிசி வண்டையும் பயற்றை அரிக்கும் வண்டையும் விரட்டும் எனவும், மூடிய பாத்திரத்தில் அவற்றைக் கொல்லும் எனவும் ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. இதிலிருந்தே "விதைநெல்லில் சில துளி" என்ற பேச்சும் பிறந்தது போலும். ஆனால் ஆய்வுகூடக் குப்பி வேறு, நம் வீட்டுச் சாக்கு வேறு. சாக்கில் ஊற்றிய எண்ணெயின் ஆவி சில நாளிலேயே வெளியேறிவிடும். அதன்பின் வண்டுக்குத் தடையில்லை. ஆவி வெளியேறாதபடி மூடி வைத்தாலோ, வண்டோடு விதையும் கெடும். யூஜினோல் முளையைப் பாதிக்கும் பொருள். வெளிநாடுகளில் இரசாயனக் களைகொல்லியை விலக்கும் கமக்காரர் கராம்பு எண்ணெயைக் களைமேல் தெளித்து அதனைக் கருகச் செய்கின்றனர். களையைக் கருக்கும் பொருளை விதையின்மேல் ஊற்றலாமா என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்பாராக.

ஏற்கெனவே எண்ணெய் கலந்து வைத்தவர்கள் விதைக்குமுன் பின்வரும் சோதனையைச் செய்தல் அவசியம். எண்ணெய் பட்ட நெல்லில் 100 மணியும், படாத நெல்லில் 100 மணியும் எடுத்து, தனித்தனியாக ஈரச் சாக்குத் துண்டுகளில் பரப்பிச் சுருட்டி நிழலில் வைக்குக. சாக்கு காயாதபடி நீர் தெளித்து வருக. ஒரு வாரத்தின் பின் அவிழ்த்து முளைத்தவற்றை எண்ணுக. எண்ணெய் பட்ட நெல் மற்றையதைவிடக் குறைவாக முளைத்திருப்பின் அதனை விதைத்தலாகாது. எந்த நெல்லாயினும் 100க்கு 85 முளைக்காவிடின் விதைக்கு ஏற்றதன்று. இச்சோதனையை மழை தொடங்குமுன்பே செய்தால் வேறு விதை தேட அவகாசம் கிடைக்கும்.

உண்ணும் நெல்லிலும் அரிசியிலும் கலத்தல் கூடாது. மணம் ஏறிய அரிசியைச் சோறாக்கினால் வீட்டார் உண்ணமாட்டார்.

விதையைக் காக்கும் வழி பழைய வழியே. நன்றாகக் காயவைத்தல், பதரையும் தூசியையும் நீக்குதல், பழைய சாக்கை வெந்நீரில் தோய்த்து உலர்த்துதல், நிலத்தில் படாமல் பலகைமேல் அடுக்குதல் ஆகியவையே வண்டுக்குப் பகை. கடற்காற்றின் ஈரம் மிகுந்த நம் தீவுகளில் காயவைத்த நெல்லும் மீண்டும் ஈரம் உறிஞ்சும் என்பதை மறத்தலாகாது. ஈரம் அறிய ஓர் எளிய வழி உண்டு. உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் நெல்லையும் நன்கு வறுத்து ஆறவைத்த உப்பையும் இட்டு மூடிக் குலுக்கிச் சிறிது நேரம் வைக்குக. உப்பு போத்தலின் பக்கங்களில் ஒட்டினால் நெல் இன்னும் காயவேண்டும். பயறு, உளுந்து, கௌபி ஆகியவற்றை உணவுக்குச் சேமிப்போர் 1 கிலோகிராமுக்கு 5 மில்லிலீற்றர் சமையல் எண்ணெய் வீதம் நன்றாகப் பிசறி வைத்தால் வண்டு பெருகுவது குறையும். அதற்குக் கறுவா எண்ணெய் வேண்டியதில்லை.

தோட்டத்தில் தெளிக்கலாமா?

மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றின்மேல் இவ்வெண்ணெயை நீரில் ஊற்றித் தெளிப்போர் இலை கருகக் காண்பர். நீரிற் கரையாத எண்ணெய் ஓரிடத்தில் மிகுந்தும் மற்றோரிடத்தில் இல்லாமலும் விழுவதே காரணம். நன்னீர்க் கிணறு அருமையாயுள்ள தீவுகளில், குடங்குடமாக நீர் இறைத்து வளர்த்த பயிரை ஒரு மாலையில் கருக்கிவிடுதல் பெருநட்டம். ஆகையால் தாமாகக் கலந்து தெளித்தலைத் தவிர்த்தல் வேண்டும்.

பழ ஈயைப் பிடிக்கும் பொறி

கறுவா இலை எண்ணெயிலிருந்து கமத்தொழிலுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உதவி வேறொரு வழியால் வருகின்றது. இலை எண்ணெயிலிருந்தும் கராம்பு எண்ணெயிலிருந்தும் பிரித்தெடுக்கும் யூஜினோலை இரசாயன முறையால் மாற்றினால் மெதைல் யூஜினோல் என்னும் பொருள் உண்டாகும். மா, கொய்யா முதலிய பழங்களைத் துளைத்து முட்டையிடும் பழ ஈயின் ஆண் ஈக்கள் இதன் மணத்தை நாடித் தொலைவிலிருந்தும் பறந்து வரும். இந்தியாவின் பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹவ்லெற் என்பவர், 1912ஆம் ஆண்டில் பழ ஈக்கள் சித்திரனெல்லா எண்ணெயை நாடிவருவதை எழுதி வெளியிட்டார். பின்னர் 1915ஆம் ஆண்டில் ஆண் ஈக்களைக் கவரும் பொருள்களுள் மெதைல் யூஜினோல் ஒன்று எனக் காட்டினார்.

பொறியில் இப்பொருளுடன் சிறிது பூச்சிகொல்லியையும் பஞ்சில் ஊறவைத்துத் தொங்கவிடுவர். வந்த ஆண் ஈ மடியும். ஆண் ஈக்கள் குறைந்தால் பெண் ஈக்கள் கருவுறாமல் இடும் முட்டைகளிலிருந்து புழு வாரா, பழம் தப்பும்.

இங்கு மூன்று செய்திகளை நினைவில் வைத்தல் வேண்டும்.

முதலாவது, கறுவா இலை எண்ணெயை அப்படியே பஞ்சில் நனைத்துத் தொங்கவிட்டால் இப்பயன் கிடையாது. மாற்றிய பொருளே வேண்டும்.

இரண்டாவது, பாகல், புடல், பீர்க்கு, பூசணி, வெள்ளரி ஆகியவற்றை அழிக்கும் ஈ வேறோர் இனம். அது மெதைல் யூஜினோலை நாடாது. அதற்குக் கியூ லூர் என்னும் வேறு கவர்பொருள் உண்டு. மாமரத்துப் பொறியை வாங்கிப் பாகற்பந்தலில் கட்டுவோர் பணத்தையும் இழந்து காயையும் இழப்பர். எனவே எப்பயிருக்கு என்பதைக் கூறியே பொறியைக் கேட்டு வாங்குக. பாகல் முதலியவற்றில் புழு விழுந்த காய்களைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்தல், பிஞ்சுகளைக் கடதாசியால் சுற்றிக் கட்டுதல் ஆகியனவும் தவறாமல் செய்யவேண்டியவை.

மூன்றாவது, மெதைல் யூஜினோலை வெறுங்கையால் தொடலாகாது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2023ஆம் ஆண்டில் இதனை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வரிசையிற் சேர்த்துள்ளது. கையுறை அணிந்து கையாண்டு, பொறியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் கட்டுதல் வேண்டும்.

தீவுகளுக்குரிய அனுகூலம்

பெருநிலத்தில் ஒருவர் பொறி வைத்தாலும் அயல் தோட்டத்து ஈக்கள் மீண்டும் வந்து சேரும். தீவிலோ கடலே வேலி. பசிபிக் சமுத்திரத்தில் ரோட்டா என்னும் தீவு ஏறக்குறைய 85 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. 1960களின் முற்பகுதியில் மெதைல் யூஜினோலிலும் பூச்சிகொல்லியிலும் ஊறவைத்த நார்ப்பலகைத் துண்டுகளை அத்தீவெங்கும் விமானத்திலிருந்து இட்டுப் பழ ஈயை அறவே ஒழித்தனர். ஜப்பானின் தென்மேற்குத் தீவுகளிலும் இதே கவர்பொருளைக் கொண்டு ஒவ்வொரு தீவுக்கூட்டமாக ஒழித்து வந்து, 1986ஆம் ஆண்டில் அவ்வேலையை நிறைவேற்றினர்.

நெடுந்தீவின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். நயினாதீவோ அதனினும் மிகச் சிறியது. விமானமும் பெரும் பொருட்செலவும் நமக்கில்லை என்பது மெய்யே. எனினும் அத்தீவுகள் கற்பிக்கும் பாடம் நமக்கும் உரியது. ஒரு வளவில் மாத்திரம் தொங்கும் பொறியினால் பயன் சிறிது. ஒரு வட்டாரத்தார் யாவரும் ஒரே காலத்தில் பொறி கட்டி, விழுந்த பழங்களையும் ஒரே காலத்தில் பொறுக்கிப் புதைப்பின் பயன் பெரிது. கமக்காரர் அமைப்புக்கள் மாங்காய் முற்றுமுன்னரே கூடி இதனைத் தீர்மானித்துக்கொள்ளுதல் நன்று. படகில் வரும் புழு விழுந்த பழங்களையும் கண்ட இடத்தில் எறியாது புதைத்தல் வேண்டும்.

பல்வலியும் குழந்தைகளும்

இரவில் பல்வலி கண்டால் தீவிலுள்ளார்க்கு விடியும்வரை படகில்லை. அவ்வேளையில் யூஜினோல் எண்ணெய் உதவும். பல் வைத்தியரும் துத்தநாக ஒட்சைட்டுடன் யூஜினோலைக் கலந்து பற்குழியைத் தற்காலிகமாக அடைப்பதுண்டு. இதற்குக் கராம்பு எண்ணெயே வழக்கத்திலுள்ளது. சிறு பஞ்சில் ஒரு துளி இட்டு, முரசில் படாதபடி பற்குழியில் மாத்திரம் வைத்துச் சிறிது நேரத்தில் எடுத்துவிடுக. முரசில் தங்கினால் புண்ணாகும். வலி அடங்கினாலும் நோய் தீர்ந்ததாகாது. பல் வைத்தியரைக் காணுதல் அவசியம். குழந்தைகளுக்கு இதனைத் தாமாக வைத்தலாகாது.

போத்தலைக் குழந்தைகளின் கைக்கு எட்டவிடாதீர்கள். 5 முதல் 10 மில்லிலீற்றர் கராம்பு எண்ணெயை விழுங்கிய குழந்தைகள் நினைவிழந்து, வலிப்புற்று, ஈரல் பாதிப்படைந்த செய்திகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. அதாவது ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டியே போதும். அவ்வாறு நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்க. கடலைக் கடந்தே பெரிய வைத்தியசாலையை அடையவேண்டிய நமக்கு, போத்தலை உயரத்தில் வைத்துப் பூட்டுவதே சிறந்த வைத்தியம்.

முடிவுரை

கறுவா இலை எண்ணெய் நம் நாட்டின் சிறந்த பொருள்களுள் ஒன்று. அதன் வன்மை பெரிது. ஆதலால் அதன் இடமும் அளவும் சிறியனவாதல் வேண்டும். சுருங்கக் கூறின்:

விதைநெல்லிலும் உணவுத் தானியத்திலும் கலவாதீர்கள்.
பயிர்மேல் தாமாகத் தெளியாதீர்கள்.
மா, கொய்யாவின் பழ ஈக்கு மெதைல் யூஜினோல் பொறியை ஊரோடு சேர்ந்து கட்டுங்கள்.
பாகல், புடல் முதலியவற்றுக்கு வேறு கவர்பொருளைக் கேட்டு வாங்குங்கள்.
வாங்கும் எண்ணெயை மழைநீரிலும் கடதாசியிலும் சோதியுங்கள்.
போத்தலைப் பூட்டி வையுங்கள்.

பொறிகளைப் பற்றியும், ஏக்கருக்கு எத்தனை பொறி வேண்டும் என்பதைப் பற்றியும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டறிக. விதைநெற் சோதனைக்கு ஒருவரையும் கேட்கவேண்டியதில்லை. 200 நெல்மணியும் இரண்டு சாக்குத் துண்டும் ஒரு வாரப் பொறுமையுமே அதற்குத் தேவை. புரட்டாதி பிறக்குமுன் அதனைச் செய்து முடியுங்கள்.